வேலூரில் இன்னும் எத்தனை வீடு கட்டலாம்? மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பிப் போட முடியாத கணக்கு

ஊர் வளர்ச்சி பற்றிப் பேச்செடுத்தாலே வேலூரில் இரண்டு விதமான பதில்தான் வரும். "டவுனுக்குள்ள இனிமே ஒரு செங்கல் வைக்க இடமில்ல" என்பது ஒன்று. "அரியூர், பாகாயம், காட்பாடி தாண்டிப் போய்ப் பாருங்க, நிலம் எவ்வளவு சும்மா கிடக்குது" என்பது இன்னொன்று. இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், ஆனால் இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு ஊருக்குத் திட்டம் போட முடியாது. முதல் பேச்சை நம்பினால் ஊர் ஏரிப் பாசன நிலத்தைத் தின்றுகொண்டே வெளியே போகும். இரண்டாவதை நம்பினாலும் அங்கேதான் போய் நிற்கும். அதனால் வேலூரையே ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டு, மாநகராட்சி எல்லைக்குள் உண்மையில் எவ்வளவு கட்ட இடமிருக்கிறது, அது எங்கே இருக்கிறது, எது தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஊர் எப்படி வளர்ந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். பழைய நகராட்சி எல்லைக்குள் 2001 கணக்கெடுப்பில் சுமார் 1.77 லட்சம் பேர். 2011இல் சுமார் 1.86 லட்சம். பத்து வருஷத்தில் ஐந்து சதவீதம்கூட ஏறவில்லை. அதே 2011இல் சுற்றியிருக்கும் ஊர்களையும் சேர்த்த நகர்த்தொகுப்பின் மக்கள்தொகை ஏறக்குறைய 4.8 லட்சம். அதாவது வேலூர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களில் பாதிக்கு மேல் பழைய எல்லைக்கு வெளியில்தான் குடியிருந்தார்கள், சத்துவாச்சாரி, காட்பாடி, தாராபடவேடு, கழிஞ்சூர், தொரப்பாடி, அல்லாபுரம் என்று. 2008 ஆகஸ்டில் வேலூர் மாநகராட்சி ஆனது. 2011இல்தான் இந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் உள்ளே வந்து, 60 வார்டு, 4 மண்டலம், சுமார் 87.9 சதுர கிலோமீட்டர் என்று இன்றைக்கு இருக்கும் எல்லை உருவானது. இதில் நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் மனை போட்டார்கள், அப்புறம் வீடு வந்தது, அப்புறம் தெருவிளக்கு, கடைசியில்தான் மாநகராட்சி எல்லை வந்தது. பாதாளச் சாக்கடை இன்னும் பல இடத்துக்கு வந்து சேரவே இல்லை. திட்டம் முன்னால் போய் ஊர் பின்னால் வர வேண்டிய இடத்தில், ஊர் போன பாதையைத் திட்டம் பின்னாலிருந்து வரைந்துகொண்டு வந்திருக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் வேலூரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்தபோதும் சரி, அதற்குப் பிறகு குழாய், சாலை என்று எது திட்டமிட்டாலும் சரி, கையில் இருக்கும் முழு எண்ணிக்கை 2011உடையதுதான்.

"இடமிருக்கு" என்றால் என்ன?

நம் ஊரில் மாஸ்டர் பிளான் என்று சொல்லும் முழுமைத் திட்ட வரைபடத்தில் மஞ்சள் நிறம் அடித்திருந்தால் அது குடியிருப்புப் பகுதி, கட்டலாம். பச்சை என்றால் விவசாயம், கட்டக்கூடாது, கட்ட வேண்டுமானால் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு நிலத் திட்டம் என்றால் இவ்வளவுதான். மஞ்சளின் பரப்பைக் கூட்டி, ஏக்கருக்கு இத்தனை வீடு என்று பெருக்கினால் எதிர்கால வளர்ச்சிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று விடை வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். வராது.

இந்த விஷயத்தில் நியூசிலாந்து செய்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. 2020இல் அங்கே நகர வளர்ச்சிக்கென்று ஒரு தேசியக் கொள்கை கொண்டு வந்தார்கள். அதன்படி நகர நிர்வாகங்கள் இன்னும் எத்தனை வீடு கட்ட இடமிருக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும், ஆனால் சும்மா ஒரு மொத்த எண்ணைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். திட்டம் அனுமதிக்கிறதா, குழாயும் சாலையும் தயாராக இருக்கிறதா அல்லது அதற்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டதா, கட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகுமா, நடைமுறையில் உண்மையாகவே கட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா என்ற நான்கையும் தாண்டி வருவதைத்தான் எண்ண வேண்டும். அதையும் அடுத்த 3 வருஷம், 10 வருஷம், 30 வருஷம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். தேவைக்குச் சரியாக இருந்தாலும் போதாது, முதல் பத்து வருஷத்துக்கு 20 சதவீதமும் அதற்கடுத்த காலத்துக்கு 15 சதவீதமும் கூடுதலாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் நிலம் இருக்கிற எல்லோரும் விற்கமாட்டார்கள், கட்டவும் மாட்டார்கள்.

அவர்கள் நிலம் வேறு, வருமானம் வேறு, சட்டம் வேறு. ஆனால் அந்த நான்கு கேள்வியும் வேலூருக்கு அப்படியே பொருந்தும். மஞ்சளை இந்தச் சல்லடையில் போட்டுப் பார்ப்போம்.

மலையும் ஆறும் ஏரியும் கோட்டையும்

வேலூரின் நில அமைப்பு ஊரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் கரட்டு மலைகள், வடக்கே பாலாறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடி. ஊர் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கிறது, அதே பட்டையில்தான் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் ஓடுகிறது. மலையடிவாரத்தில் காகிதப்பட்டறை, சைதாப்பேட்டை பக்கமெல்லாம் வீடுகள் பாறையை ஒட்டி மேலே மேலே ஏறியிருப்பதை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். கையில் காசில்லாதவர்களுக்கு ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரே இடம் அது. மழை பெய்தால் பாறைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தூக்கமில்லை. அந்தச் சரிவுகளை வளர்ச்சிக்கான இடமாக எண்ணவே கூடாது. அங்கே இப்போது இருப்பவர்களுக்கு வேறு எங்கே வீடு என்பதைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஊருக்கு நடுவில் 133 ஏக்கரில் கோட்டை. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம், 2010இல் திருத்திய சட்டப்படி சுற்றிலும் முதல் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதாவது ஊரிலேயே பஸ்ஸும் கடையும் ஆஸ்பத்திரியும் மிக நெருக்கமாக இருக்கும் நடுப்பகுதியின் ஒரு பெரிய வட்டத்தில் உயரமாகக் கட்டும் பேச்சு எளிதில் எடுபடாது. இது சரியான கட்டுப்பாடுதான், கோட்டையை மறைத்துக் கட்டடம் வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் வரைபடத்தில் அந்த வட்டத்துக்கும் வணிகப் பகுதி, குடியிருப்புப் பகுதி என்று நிறம் அடித்துவிட்டுக் கணக்கில் முழுசாகச் சேர்த்தால் அது பொய்க் கணக்கு.

அப்புறம் ஏரிகள். கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி, சதுப்பேரி, தொரப்பாடி ஏரி, ஓட்டேரி என்று மாநகராட்சியைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு ஏரிக்கும் மலையிலிருந்து கானாறோ வரத்துக் கால்வாயோ உண்டு, நிரம்பினால் கோடி போகும் போக்குக் கால்வாய் உண்டு, அது அடுத்த ஏரிக்கோ பாலாற்றுக்கோ போய்ச் சேரும். ஏரிக்குக் கீழே இருப்பது ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நஞ்சை. இந்த நஞ்சைதான் ஊருக்கு மிக அருகில், சமமாக, மண் வளமாக, கிணற்றில் தண்ணீரோடு இருக்கும் நிலம், ஆகவே மனை போடுகிறவர் கண்ணில் முதலில் படுவதும் இதுதான்.

2021 நவம்பர் மழை இதையெல்லாம் வெட்டவெளிச்சமாக்கியது. வருஷக்கணக்கில் மணலாகக் கிடந்த பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது, ஏரிகள் கோடி போயின, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவிலிலேயே தண்ணீர் புகுந்து நின்றது. அந்த மழையில்தான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் செத்துப்போனார்கள். மனை வாங்கி ஆசையாக வீடு கட்டியவர்கள் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு "இந்த இடத்துல இவ்வளவு தண்ணி எங்கிருந்துதான் வருது" என்று கேட்டார்கள். தண்ணீர் எப்போதும் வரும் வழியில்தான் வந்தது.

ஒரு புல வரைபடத்தை விரித்துப் பார்த்தால்

வேலூர் தாலுகாவிலோ காட்பாடி தாலுகாவிலோ ஏதாவது ஒரு பழைய நஞ்சைச் சர்வே எண்ணின் புல வரைபடத்தை, எஃப்.எம்.பி. என்று சொல்வார்களே அதை, இணையத்திலிருந்து எடுத்து விரித்துப் பாருங்கள். வயலின் எல்லைக் கோடுகளுக்கு நடுவே இரண்டு கோடு இணையாக வளைந்து போகும். அது வாய்க்கால். சில இடத்தில் அதற்குத் தனி உட்பிரிவு எண் கொடுத்திருப்பார்கள், கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் பார்த்தால் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும். சில இடத்தில் தனி எண் இருக்காது, பட்டா நிலத்துக்குள்ளேயே வாய்க்கால் ஓடும், காலங்காலமாக எல்லோரும் தண்ணீர் விட்டுக்கொண்டது மட்டும்தான் ஆதாரம். இப்போது அதே இடத்துக்கான மனைப்பிரிவு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புறம்போக்கு என்று எண் உள்ள வாய்க்கால் பெரும்பாலும் படத்தில் தப்பித்துவிடும், சாலையோரமாகக் காட்டியிருப்பார்கள். எண் இல்லாத வாய்க்கால் காணாமல் போயிருக்கும், அது ஓடிய இடத்தில் மனை எண் 41, 42 என்று கட்டம் இருக்கும். எண்ணுள்ள வாய்க்காலும் அடுத்த சர்வே எண்ணில் வேறொருவர் காம்பவுண்டு சுவர் வைத்துவிட்டால் அங்கே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனியாக ஆய்வுக்குப் போகிறது, தண்ணீர் மட்டும் எல்லாச் சர்வே எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முழுமைத் திட்டத்தில் நிலப் பயன்பாட்டுக்கு நிறம் அடிப்பதற்கு முன்னால் எஃப்.எம்.பி.யில் இருக்கும் வாய்க்கால், கானாறு, போக்குக் கால்வாய் எல்லாவற்றையும், எண் உள்ளதோ இல்லாததோ, ஒரே படத்தில் ஏற்றி ஏரியிலிருந்து பாலாறு வரைக்கும் தொடர்ச்சியாகக் காட்ட வேண்டும், இருபுறமும் இவ்வளவு அடி விட வேண்டும் என்று எழுத வேண்டும். ஊருக்குள் ஓடும் நிக்கல்சன் கால்வாய்க்கும் இது பொருந்தும். சுற்றுப்பகுதித் தண்ணீரை வாங்கிப் பாலாற்றில் சேர்க்க வேண்டிய கால்வாய், இரண்டு பக்கமும் கட்டடம் நெருக்க நெருக்கச் சாக்கடையாகச் சுருங்கிவிட்டது.

பத்து ஏக்கர் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், உதாரணத்துக்குத்தான். பத்து ஏக்கர் நஞ்சையை மனை போடுகிறார்கள். சாலைக்கு 30 சதவீதம் போகட்டும், மீதி 7 ஏக்கர். விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பொதுத் தேவைக்கென்று ஒரு சதவீதம் தனி. இதெல்லாம் போக ஏறக்குறைய 6.2 ஏக்கர் கையில் நிற்கும். 1,200 சதுர அடி மனையாகப் போட்டால் சுமார் 225 மனை.

காகிதத்தில் 225 குடும்பம். ஆனால் எந்த மனைப்பிரிவிலும் போய்ப் பாருங்கள், பத்து வருஷம் கழித்தும் எத்தனை மனையில் வீடு நிற்கிறது? வாங்கியவர்களில் நிறையப் பேர் பிள்ளை கல்யாணத்துக்கு, மேல்படிப்புக்கு, சும்மா விலை ஏறட்டும் என்று போட்டு வைத்தவர்கள். கல் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள், சீமைக்கருவேலம் முளைத்துவிடும். அதில் தப்பொன்றும் இல்லை, பேங்கை விட மண்ணை நம்பும் ஊர் நம்முடையது. ஆனால் நகரத்தின் கணக்கில் அந்த மனை வீடும் இல்லை, வயலும் இல்லை. நடுநடுவே நான்கு வீடு இருப்பதால் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் குப்பை வண்டியும் அவ்வளவு தூரமும் போயாக வேண்டும். ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு பல மடங்கு ஏறும்.

இதில் பழைய அங்கீகாரமில்லா மனைகளின் கதை இன்னும் கடினமானது. பஞ்சாயத்து அப்ரூவல் என்று ஒரு சீட்டைக் காட்டி விற்ற காலம் இருந்தது, நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் இல்லாமல் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது. 2016இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்திய பிறகு, 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது. மக்களுக்கு அது பெரிய நிம்மதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வரன்முறை ஆனபோது சாலை இருந்த அகலத்திலேயே ஏற்கப்பட்டது. 12 அடி, 16 அடிச் சந்துகள் அப்படியே நிலைத்துவிட்டன. இனி அந்தத் தெருக்களில் எத்தனை மாடி கட்டலாம் என்பதை அந்தச் சந்தின் அகலம்தான் முடிவு செய்யப்போகிறது.

சாலை அகலம்தான் உண்மையான வரைபடம்

2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் படித்தால் ஒன்று பளிச்சென்று புரியும். 18.30 மீட்டர் உயரம் வரையிலான சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்பு குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். அதற்கு மேல் போகும் அடுக்குமாடிக்கு 3.25 வரை உண்டு. கூடுதலாக வேண்டுமானால் அரசுக்குப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உயரமும் வீட்டு எண்ணிக்கையும் ஏற ஏற வாசலில் இருக்க வேண்டிய சாலையின் அகலமும் ஏறும். அடுக்குமாடிக்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும், முழு 3.25 வேண்டுமானால் 18 மீட்டர். நம் ஊரில் 18 மீட்டர், அதாவது 60 அடிச் சாலை எத்தனை இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மஞ்சள் நிறம் ஊரெல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், கட்டும் உரிமை தெருவுக்குத் தெரு மாறுகிறது.

அப்படியானால் சாலையை அகலப்படுத்தினால் போதுமே என்று தோன்றும். அதற்கும் ஒரு வழி சட்டத்தில் இருந்தது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி விரிவான வளர்ச்சித் திட்டத்தில் புதுச் சாலைகளைக் கோடு போட்டுக் காட்டலாம். ஆனால் கோடு போட்ட நிலத்தை மூன்று வருஷத்துக்குள் கையகப்படுத்தும் அறிவிப்பு வராவிட்டால் அந்த நிலம் விடுபட்டதாகக் கருதப்படும் என்று அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. நிலக்காரர் பார்வையில் இது நியாயம், ஒரு கோட்டைப் போட்டுவிட்டு முப்பது வருஷம் அவரை விற்கவும் விடாமல் கட்டவும் விடாமல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் உள்ளாட்சியின் கையில் கையகப்படுத்தப் பணம் இருந்ததே இல்லை. கோடு போடுவது, காலாவதி ஆவது, அந்த இடத்தில் வீடு வருவது என்றுதான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்தச் சாலைகள் முடிந்துபோயின.

தண்ணீர்

வேலூர் என்றால் தண்ணீர்ப் பஞ்சம் என்றே பேர். மேட்டூரிலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை மாறியது, அதற்கு முன் கோடையில் குடத்தோடு அலைந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அணையை நம்பி எல்லையில்லாமல் வீடு கட்ட முடியாது. நிலத்தடி நீரும் பாலாற்றுப் படுகையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் தீர்ப்பளித்தபோது, தோல் தொழில் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வேலூர் மக்களின் ஓர் அமைப்பு தொடுத்த வழக்கு அது, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்திய வழக்கு. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினைக்குத் திரும்ப வந்து உத்தரவு போட வேண்டியிருந்தது. போர் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி மனை விற்கும்போது இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று வரும் நோயாளிகளும் கூட வருபவர்களும். காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் நடந்தால் கடைப் பலகையில் வங்காள எழுத்து, மாடிக்கு மாடி லாட்ஜ், வாரக்கணக்கில் தங்கி ஸ்டவ்வில் சமைத்துக்கொள்ளும் குடும்பங்கள். அவர்கள் வேலூர்வாசிகள் இல்லை, ஆனால் அவர்கள் குடிக்கும் தண்ணீரும் போகும் சாக்கடையும் வேலூருடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வி.ஐ.டி. மாணவர்களுக்காக பிரம்மபுரம், சேவூர் வரை விடுதியும் வாடகை வீடும் பரவியிருப்பதும் இதே போலத்தான். ஸ்ரீபுரம் பொற்கோவிலுக்கு 2007 முதல் வரும் கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குழாயின் அளவை முடிவு செய்தால் வேலூரில் அது எப்போதும் பத்தாது.

அப்படியானால் எங்கே இடம் இருக்கிறது?

என் கணிப்பில் வேலூரின் நம்பகமான வளர்ச்சிக்கான இடம் சத்துவாச்சாரி மாதிரியான நடு வயசுப் பகுதிகளில் இருக்கிறது. அங்கே வீட்டு வசதி வாரியம் ஃபேஸ் 1, ஃபேஸ் 2 என்று கட்டம் கட்டமாகப் போட்ட குடியிருப்புகளின் தெருக்களைப் பாருங்கள். நேராக, அகலமாக, பூங்காவுக்கு இடம் விட்டு, பள்ளிக்கு இடம் விட்டுப் போட்டது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில், நெடுஞ்சாலை வாசலில், டவுனுக்குப் பஸ் எப்போதும் உண்டு. அங்கே பெரும்பாலான வீடுகள் கீழ்த்தளமும் மேலே ஒரு மாடியும்தான். பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வெளிநாடு.

2,400 சதுர அடி மனையில் ஒரு பழைய வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம். முன்னும் பக்கமும் விட வேண்டியது, வண்டி நிறுத்தம், படிக்கட்டு எல்லாம் பார்த்தால் வசதியாக நான்கு வீடு வரும். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் நான்கு. அப்படிப்பட்ட ஆயிரம் மனையில் பத்து வருஷத்தில் பத்தில் ஒன்று மாறினால்கூட 300 புது வீடு, மேலே சொன்ன பத்து ஏக்கர் நஞ்சையில் மனை முழுக்க வீடாகிவிட்டாலும் வருவதை விட அதிகம், ஒரு சென்ட் வயலைத் தொடாமல். சாலை ஏற்கெனவே இருக்கிறது. செலவு செய்ய வேண்டியது தண்ணீர்த் தொட்டிக்கும் சாக்கடைக் குழாயின் அளவுக்கும்தான், தெருவை நாலு தடவை தோண்டுவதற்குப் பதிலாக இதைக் கணக்குப் பண்ணி ஒரே தடவையில் பெரிய குழாயாகப் போட்டுவிடலாம்.

இதற்கு எதிர்ப்பு வரும், அதுவும் நியாயமானதுதான். பக்கத்து வீட்டுக்காரர் வெளிச்சம் போகிறது என்பார், தெருவில் கார் நிறுத்த இடமில்லை என்பார். அண்ணன் தம்பி பாகம் பிரியாமல் வழக்கில் கிடக்கும் வீடு எத்தனையோ. அதனால்தான் பத்தில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன், எல்லாம் மாறும் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

காட்பாடிப் பக்கமும் இடமிருக்கிறது, ஜங்ஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒற்றை மாடி வீடுகளும் காலி மனைகளும் நிறைய. ஆனால் அங்கிருந்து டவுனுக்கு வர விருதம்பட்டுப் பாலாற்றுப் பாலத்தைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறோம், காலையில் அந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சத்துவாச்சாரிக்கும் காங்கேயநல்லூருக்கும் நடுவே ஆற்றைக் கடக்கும் இன்னொரு வழி வந்தால் வடகரையின் கணக்கே மாறும். அப்துல்லாபுரம், மேல்மொணவூர் பக்கம் விமான நிலையத்தையும் ஐ.டி. கட்டடத்தையும் வைத்துப் பேச்சு ஓடுகிறது. விமான நிலையத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு வரும் என்பதால் அங்கே உயரமாகக் கட்டலாம் என்று இப்போதே நம்பி நிலம் வாங்குகிறவர்கள் நிதானமாக இருப்பது நல்லது.

2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும் ஒரு புதுச் சிக்கல். ராணிப்பேட்டை தனி மாவட்டம், ஆனால் வேலைக்குப் போய்வருபவர்களுக்கு அப்படி ஒரு கோடு இல்லை. 2022இல் சி.எம்.சி.யின் புது வளாகம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் நெடுஞ்சாலையோரம் திறந்ததும் சத்துவாச்சாரிக்குக் கிழக்கே இருக்கும் நிலத்தின் மேல் எல்லோருக்கும் கண். இரண்டு மாவட்டத்தின் திட்டக்காரர்களும் ஒரே மேஜையில் உட்காராவிட்டால் நடுவில் இருக்கும் ஏரிகளும் நஞ்சையும் யார் பொறுப்பும் இல்லாமல் மனையாகிவிடும்.

வெளிப்பக்கத்தில் புது நிலம் திறந்தே ஆக வேண்டும் என்றால் துண்டு துண்டாக மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுப்பதை விட நிலத் தொகுப்பு முறை மேல். குஜராத்தில் பல காலமாகச் செய்வதுதான், 1976ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் அகமதாபாத்தின் பெரும்பகுதி அப்படித்தான் விரிந்தது. நூறு, இருநூறு ஏக்கரில் இருக்கும் எல்லா நிலக்காரர்களின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, சாலை, பூங்கா, வாய்க்காலுக்கு இடம் ஒதுக்கி, மீதியை ஒழுங்கான வடிவில் அவரவர்களுக்கே திருப்பிக் கொடுப்பார்கள். நிலம் குறையும், மதிப்பு கூடும். கையகப்படுத்தப் பணம் தேட வேண்டியதில்லை, வாய்க்காலும் தொடர்ச்சியாக நிற்கும். தமிழ்நாட்டிலும் இதற்குச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். வேலூரில் ஒரே ஒரு இடத்தில், ஒரு ஏரியின் கீழ் ஆயக்கட்டு முழுவதையும் சேர்த்து, இதை ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதத்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே ஒரு மனுதான் கொடுப்போம், என் நிலத்தைப் பச்சையிலிருந்து மஞ்சளாக்குங்கள் என்று. அதோடு இன்னும் இரண்டையும் எழுதிக் கேட்கலாம். ஒன்று, வார்டு வாரியாக ஓர் அட்டவணை: இந்த வார்டில் எத்தனை புது வீட்டுக்குத் திட்டம் அனுமதிக்கிறது, அதில் எத்தனை வீட்டுக்குத் தண்ணீரும் சாக்கடையும் இன்றைக்கே தாங்கும், எத்தனைக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது, 3 வருஷத்தில் எவ்வளவு, 10 வருஷத்தில் எவ்வளவு. இரண்டாவது, உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஓடும் வாய்க்காலின் சர்வே எண். எஃப்.எம்.பி. நகலை இணைத்து, இது வரைபடத்தில் எங்கே, ஏரியிலிருந்து ஆறு வரை தொடர்ச்சியாகக் காட்டுங்கள் என்று கேளுங்கள். சர்வே எண்ணும் நகலும் இருக்கும் மனுவை 'பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் மூடுவது சுலபமில்லை, மனுவுக்குக் கையெழுத்தும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.